இரண்டாவது பொன்னனின் அட்டை

பாப்பிரெட்டிப்பட்டி
14-7-1975

அன்பு மகன் காசிமுக்கு, அத்தா கரீம் துஆவோடு எழுதுவது. அல்லாஹ் கிருபையால் இங்கே எல்லோரும் சுகம், உன் சுகம்தான் உன் கடிதத்தைப் படித்ததிலிருந்து எனக்குச் சந்தேகமாக இருக்கிறது. அம்மாவுக்கு இடுப்பு வலி குறைந்து நடமாடுகிறாள். உன் தங்கை சுல்தானாவின் நிக்காஹ் நோன்புப் பெருநாள் கழித்து என்று பேசி முடித்தாயிற்று. மாப்பிள்ளை வீட்டார் "அண்ணங்காரரு பம்பாயில கம்ப்யூட்டர் கம்பெனிங்களா?" என்று மூன்று தடவை கேட்டார்கள், மூன்று தடவையும் ஆமாம் என்றேன். இந்த நேரத்தில் வேலையை விட்டு வரட்டுமா என்கிறாய். குளிர் அறையில் நாள் முழுக்க ஓட்டை போட்ட அட்டைகள்தான், மனுஷ முகமே இல்லை, யாருக்காக இந்த வேலை என்றே தெரியவில்லை என்கிறாய். வா என்று சொல்ல வாய் வருகிறது, முடியவில்லை. மூன்று வருஷம் இருப்பேன் என்று நீ கையெழுத்துப் போட்ட பத்திரத்தில் ஜாமீன் நான், இன்னும் பதினாறு மாதம் இருக்கிறது. நீ அங்கே மாட்டிக்கொண்டாய் என்றால் நானும் இங்கே அதிலேதான் மாட்டியிருக்கிறேன்.

போன வாரம் நடந்ததைக் கேள். ஒரு உரக் கம்பெனி மலை ஊர்களுக்கு ஆளுக்கு ஒரு மூட்டை சாமை விதை இனாமாகக் கொடுத்தது. நம் மண்டி வாசலில்தான் பெயர் வாசித்தார்கள். பட்டியலின் அடியில் உங்கள் கம்பெனி பெயர் அச்சாகியிருந்தது, பெருமையாக நாலு பேரிடம் காட்டினேன். சித்தேரி மலைப் பக்கம் தாத்தா பெயரைத்தான் பேரனுக்கு வைப்பார்கள், அதனால் ஒரே ஊரில் தீர்த்தன் மகன் பொன்னன் என்று இரண்டு பங்காளிகள், தகப்பன்மார் வேறு வேறு ஆள். ஒருவன் தேன் கொண்டு வருவான், இன்னொருவன் புளி, நான் தேன் பொன்னன் புளிப் பொன்னன் என்றுதான் கூப்பிடுவேன். பட்டியலில் ஒரே பொன்னன். தேன் பொன்னன் வாங்கிப் போய்விட்டான். புளிப் பொன்னன் வந்து நின்றதும் வாசித்தவர் "உன் பேருக்குத்தான் வாங்கியாச்சே, யாரை ஏமாத்தற?" என்று விரட்டினார். நான் எடுத்துச் சொன்னதற்கு "மெஷின் தப்புப் பண்ணாதுங்க பாய்" என்றார். அந்த மெஷினுக்கு எழுதிக் கொடுத்தவன் நீ. பேரும் தகப்பன் பேரும் ஊரும் ஒன்றாக இருந்தால் இரண்டாவது அட்டையை மெஷினே தள்ளிவிடும்படி புரோகிராம் எழுதினேன், மேனேஜர் முதுகில் தட்டினார் என்று பக்ரீதுக்கு நீ எழுதிய கடிதம் என் பெட்டியில்தான் இருக்கிறது. பொன்னன் சண்டை போடவில்லை, "அப்ப நான் யாருங்க பாய்?" என்று என்னைக் கேட்டான். என் கையிலிருந்து விதை தருகிறேன் என்றதற்கும் "வேணாங்க, என் பேருக்கே வரட்டுங்க" என்று கோணியைச் சுருட்டிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு மலை ஏறிவிட்டான். ஆடி பிறக்கப் போகிறது, அவன் நிலம் உழுது போட்டபடி சும்மா கிடக்கிறது.

யாருக்காக வேலை என்று கேட்டாயே, அவனுக்காக. இது கிடைத்த அன்றைக்கே மேனேஜரிடம் போய் அதை எழுதியது நான், தப்பு என் பேரில் என்று சொல். தள்ளிப்போன அட்டைகளைத் தேடி எடு, இன்னும் எத்தனை பொன்னன்களோ, அந்தந்த ஊரில் தெரிந்தவர்களுக்கு எழுதிக் கேள். திட்டுவார்கள், திட்டு வாங்கிக்கொண்டு அதே நாற்காலியில்தான் உட்கார வேண்டும், உட்கார். சுல்தானாவை நினைத்தால் எனக்கும் பயம்தான், மறைக்கவில்லை. ஆனால் அலுத்துப்போய் ஓடி வந்தாயானால் உன்னோடு பேசமாட்டேன், இதற்காக அவர்கள் துரத்தினால் பொம்மிடி ஸ்டேஷனுக்கு நானே வந்து நிற்பேன்.

அந்தக் குளிர் அறையில் மப்ளர் சுற்றிக்கொள், அம்மா சொல்லச் சொன்னாள். அல்லாஹ் உனக்குத் தைரியமும் பரக்கத்தும் தரட்டும். பதில் எழுதும்போது பொன்னன் அட்டை கிடைத்ததா என்று முதல் வரியில் எழுது, சுகம் விசாரிப்பதெல்லாம் அதற்குப் பிறகு.

உன் அத்தா
மு. கரீம், மலைச்சரக்கு மண்டி