டாக்டரம்மா காருக்கு ஃபேன்

12-4-72, புதன்
இன்றும் இவர் கடையைச் சீக்கிரமே மூடிவிட்டு டாக்டரம்மா வீட்டுக்குப் போய்விட்டார். பொன்னேரியில் லாரிகளுக்கு ஒயரிங் பார்க்கிற மனிதருக்கு இப்போது ஒரே ஒரு கார்தான் கண்ணுக்குத் தெரிகிறது. எந்த வெள்ளைக்காரனோ விட்டுப்போன கறுப்பு கார். வெயிலில் பத்து மைல் ஓடினால் ரேடியேட்டர் கொதித்து நின்றுவிடுமாம். அதற்காக மெட்ராஸ் புதுப்பேட்டையில் அலைந்து, பேட்டரியில் ஓடுகிற ஃபேன் ஒன்று வாங்கி வந்திருக்கிறார். இங்கே கூடத்து லைட் எரியாமல் ஒரு மாதமாகிறது. அதற்கு யாரும் அலையவில்லை.

இந்த டைரியும் அந்த டாக்டரம்மா ஆரோக்கியமேரி கொடுத்ததுதான். மருந்துக் கம்பெனி டைரி. "ரத்னா, உனுக்குன்னு குட்தாங்க" என்று இவர் கொண்டுவந்து நீட்டினார். இதிலேயே எழுதுகிறேன், வேண்டுமென்றே.

15-4-72, சனி
ஃபேன் மாட்டியாயிற்று. சுற்றுகிறது. ஆனால் கார் முன்னைவிடச் சீக்கிரம் கொதிக்கிறது! சிரிப்பை அடக்கிக்கொண்டேன்.

"அந்தம்மா ஒரு வார்த்தை திட்டல. நிதானமா பாருங்க எத்திராஜுன்னாங்க" என்கிறார். குழம்பில் உப்பு குறைந்தால் எனக்கு அந்த நிதானம் கிடைக்குமா?

18-4-72, செவ்வாய்
பொறுக்க முடியவில்லை. டிபனை மறந்துவிட்டார் என்று சாக்கு வைத்துக்கொண்டு நானே டாக்டரம்மா வீட்டுக்குப் போனேன். அவள் இவருக்குக் காபி கொண்டுவந்தாள், தன் கையாலேயே. என்னைவிட நிறம் கம்மிதான். ஆனால் சிரிக்கும்போது— சரி, விடு. என்னையும் உட்காரச் சொன்னாள். நான் உட்காரவில்லை.

இவர் காரை ஸ்டார்ட் செய்து ஃபேனை ஓடவிட்டார். நான் காரின் மூக்குக்கு நேரே நின்றிருந்தேன். குப்பென்று அனல் முகத்தில் அடித்தது. வெளிக்காற்று உள்ளே போய்த்தானே ரேடியேட்டர் ஆற வேண்டும்? இது உள்சூட்டை வெளியே தள்ளுகிறது. ஓடும்போது எதிரே வரும் காற்றையும் தடுக்கும். ஒயரை மாற்றிக் கொடுத்தால் ஃபேன் எதிர்ப்பக்கம் சுற்றும் என்று கடையில் எத்தனை முறை பார்த்திருக்கிறேன்! இவர் பக்கவாட்டில் குனிந்து வேறெதையோ தேடிக்கொண்டிருந்தார்.

நான் வாயைத் திறக்கவில்லை. சொன்னால் இவர் பேர் வாங்குவார், அவள் மெச்சுவாள். சொல்லாவிட்டால் சலித்துப்போய்க் காரை மெட்ராசுக்கு அனுப்பிவிடுவாள். அனுப்பட்டும்.

19-4-72, புதன்
இன்றும் சொல்லவில்லை.

21-4-72, வெள்ளி
பழவேற்காட்டுப் பக்கம் ஒரு குப்பத்தில் பிரசவம். டாக்டரம்மா போகும்போது கார் பாதி வழியில் கொதித்து நின்றுவிட்டது. மீன் இறக்கிவிட்டுத் திரும்பிய மாட்டுவண்டியில் ஏறிப் போனாளாம். தாயும் பிள்ளையும் மயிரிழையில் பிழைத்தார்கள். இவர் சோற்றைத் தொடவில்லை. "எம்மேலதான் தப்பு" என்று சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தார்.

அய்யோ, நான் இன்னா பண்ணிக்கினு இருந்தேன்? அந்தப் புள்ளத்தாச்சி எனக்கு இன்னா செஞ்சா?

சொல்லிவிட்டேன். "ஃபேனு எதிர்ப்பக்கமா சுத்துது."

அப்படியே பார்த்தார். பிறகு தலையில் அடித்துக்கொண்டார். லாரியில் பேட்டரியின் மைனஸைத்தான் பாடியில் கொடுப்பார்கள். அந்தப் பழைய சீமைக் காரில் ப்ளஸ்ஸைக் கொடுத்திருக்கிறார்கள். இவர் லாரி ஞாபகத்தில் ஃபேனின் மைனஸான கறுப்பு ஒயரைப் பாடியில் முடிந்துவிட்டார்; ப்ளஸ்ஸும் மைனஸும் மாறிப்போயிற்று. அவள் முகத்தைப் பார்த்துக்கொண்டே மாட்டினால் இப்படித்தான்.

"எப்போ பாத்த?" என்றார்.

"இப்பதான் தோணிச்சு" என்றேன்.

22-4-72, சனி
ஒயரை மாற்றிவிட்டார். கார் கொதிக்கவில்லை.

30-4-72, ஞாயிறு
டாக்டரம்மா நம் வாசலில் காரை நிறுத்தினார். "நீங்கதான் கண்டுபிடிச்சீங்களாமே ரத்னா? பார்க்கிறவங்ககிட்ட எல்லாம் எத்திராஜ் அதையேதான் சொல்லிட்டிருக்கார்."

ஊரெல்லாம் சொன்னவர் என்னிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லையே!

முன் ஸீட்டில் உட்காரவைத்து மீஞ்சூர் வரை கூட்டிப்போனார். திரும்பும்போது, ஆளில்லாத ரோட்டில் ஸ்டியரிங்கை என் கையில் கொடுத்துவிட்டார்.

14-5-72, ஞாயிறு
டாக்டரம்மாவிடம் கார் ஓட்டப் பழகிவிட்டு வந்தால் கூடத்தில் வெளிச்சம். இவர் ஸ்டூலிலிருந்து இறங்கினார்.

"இன்னா, ஞாயித்துக்கெயமையானா அந்தம்மாகூடவே சுத்திக்கினு கீற? ஊட்ல ஒரு மனுசன் கீறது கண்ணுக்குத் தெரீலயா?"

நிமிர்ந்து பார்த்தேன். எனக்குத் தெரியாத முகமா அது? போன மாதமெல்லாம் கண்ணாடியில் பார்த்த முகம்.

காபி போட்டுக் கொடுத்தேன். அடுத்த ஞாயிறு பழவேற்காடு வரை நானே ஓட்ட வேண்டும் என்று டாக்டரம்மா சொல்லியிருக்கிறார். அதை இவரிடம் இன்னும் சொல்லவில்லை.