மூன்று முறை கழுவிய ரத்தம்

ஜூன் 4, செவ்வாய்

மூன்றாவது தடவையும் அதே விடை. எங்கள் ஊர்க்காரர்கள் கீரையாகத் தின்னும் திவ் இலையின் சாறு சேர்த்த குழாயில் சிவப்பணுக்கள் உடையாமல் அடியில் படிந்திருந்தன, மேலே தெளிந்த நீர். சாறு சேர்க்காத குழாய் முழுக்கச் சிவப்பு. இரண்டிலும் அணுக்களை உடைக்க ஒரே அளவு பெராக்சைடு, ஒரே வெந்நீர்த் தொட்டி, ஒரே நான்கு மணி நேரம். இரண்டும் ஒரே ரத்தம். என் தங்கை நுவனுடையது.

அவளுக்குப் பிறந்ததிலிருந்து தலசீமியா. சத்தமே இல்லாமல் உள்ளுக்குள் உடைந்துகொண்டிருக்கும் அணுக்கள். மாதம் ஒரு பை யாரோ கொடுத்த ரத்தம் ஏறும். ஏற்றுவதற்கு முன் பரிசோதனைக்கு எடுப்பதில் மிச்சத்தை எனக்குத் தருகிறார்கள். ஒப்புதல் படிவத்தில் கையெழுத்துக்குப் பக்கத்தில் ஒரு கொசு வரைந்து கொடுத்தாள்.

என் ஆய்வுக்கு வழிகாட்டும் ஆசான் விலாய் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு பார்த்தார்.

"மூணு தடவை கழுவினியா?"

"மூணு தடவை, ஆசான்."

"அப்ப நம்பலாம்."

இரண்டு குழாய்களையும் வெள்ளைத் தாளின் முன் நிறுத்திப் படம் எடுத்துக் கைபேசியில் வீட்டுக் குழுவில் போட்டேன். வழக்கமாக எதையும் போடாதவள் நான். "இடது பக்கம் சும்மா, வலது பக்கம் நம்ம இலை" என்று மட்டும் எழுதினேன். அம்மா, கும்பிடும் முயல் பொம்மை ஒன்றை அனுப்பினாள். நுவன் ஒன்றும் அனுப்பவில்லை.

ஜூன் 9, ஞாயிறு

ஊருக்குப் போனேன். பேருந்து நிலையத்துக்கு எதிரே அம்மாவின் நூடுல்ஸ் கடை. அந்தப் படத்தைப் பெரிதாக்கிச் சட்டம் போட்டுச் சுவரில் மாட்டியிருக்கிறாள், காலண்டருக்குப் பக்கத்தில். வருகிறவர்கள் பன்றி ரத்தம் ஊற்றிய குழம்பைக் குடித்துக்கொண்டே அதை அண்ணாந்து பார்க்கிறார்கள். அந்தக் கடைக் குழம்பை இன்றுவரை வாயில் வைக்காதவள் நுவன் ஒருத்திதான். ஏற்றிய ரத்தத்தாலேயே உடம்பில் இரும்பு ஏறிக் கிடக்கிறவளுக்கு அந்த ரத்தக் குழம்பு விலக்கு.

மோட்டார் சைக்கிள் வாடகை ஓட்டும் காம்சிங் மாமா கேட்டார்: "இதுல எது நம்ம நுவன்?"

"ரெண்டும் நான்தான் மாமா. இடது பக்கம் காலையில, வலது பக்கம் பல் விளக்கினப்புறம்."

கடையே சிரித்தது. அம்மா ஒரு கட்டுத் திவ் இலையை உரலில் இடித்து, வடிகட்டி, பெரிய கோப்பையில் கொண்டுவந்தாள். நுவன் முகத்தைச் சுளித்துக்கொண்டு ஒரே மூச்சில் குடித்தாள். நான் பெருமையாக உட்கார்ந்திருந்தேன். அதை மறைத்து என்ன, இங்கே யார் படிக்கப் போகிறார்கள்.

ஜூன் 23, ஞாயிறு

அம்மா தொலைபேசியில் ஒரே உற்சாகம். "நுவனுக்கு இப்பல்லாம் ஒண்ணுக்குச் சிவப்பா போறதே இல்லையாம். தெளிவா போகுதாம். உன் இலை வேலை செய்யுதுடி." நல்லது என்றேன். ஆகஸ்ட் மாநாட்டுக்கு ஆய்வுச் சுருக்கம் அனுப்பியாகிவிட்டது.

ஜூலை 19, வெள்ளி

ஏற்றுக்கொண்டார்கள். பாங்காக் மாநாட்டில் எங்கள் ஆய்வு சுவரொட்டியாக வரும். தலைப்பில் "பாதுகாக்கிறது" என்ற சொல்லை வைக்க ஆசான் சம்மதித்தார். அந்தச் சொல்லையே நாள் முழுக்கப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஆகஸ்ட் 14, புதன்

நுவனோடு மருத்துவமனை. இரும்பு அளவு 2,900. ஜூன் தொடக்கத்தில் 2,100.

டாக்டர் அட்டையை இரண்டு முறை புரட்டினார். "மாத்திரை ஒழுங்கா போடுறியாம்மா?"

"போடுறேன்."

"போட்டா இப்படி ஏறாதே. இன்னும் கொஞ்ச நாள் இப்படியே போனா இதயத்துல போய்ப் படியும். அப்புறம் என்கிட்ட வந்து அழுது பிரயோசனம் இல்ல."

நுவன் தரையைப் பார்த்தாள். வெளியே வந்ததும் ஐஸ் வாங்கித் தரச் சொன்னாள். வாங்கிக் கொடுத்தேன். நானும் ஒன்றும் கேட்கவில்லை. ஏன் கேட்கவில்லை?

அறைக்கு வந்தவுடன் இந்த நோட்டைப் புரட்டினேன். ஜூன் 23.

அவள் சாப்பிடும் மாத்திரை இரும்பைப் பிடித்து வெளியே இழுக்கிறது. அதனால்தான் அவளுக்குச் சிறுநீர் சிவப்பாகப் போகும். ஆறு வருஷமாக அப்படித்தான். வீட்டில் எல்லோருக்கும் தெரியும், எனக்கு மற்ற எல்லோரையும்விட நன்றாகத் தெரியும். சிவப்பு நின்றது என்றால் நோய் நிற்கவில்லை. மாத்திரை நின்றிருக்கிறது.

நல்லது என்று சொன்னேன். எழுதியும் வைத்திருக்கிறேன்.

ஆகஸ்ட் 15

என் கையெழுத்துதான்.

ஆகஸ்ட் 17, சனி

கடைக்குப் பின்னால், ஒட்டும் அரிசி வேகவைக்கும் பழைய மூங்கில் கூடைக்குள் இருந்தன மாத்திரைகள். பட்டை பட்டையாக, உடைக்காமல், ரப்பர் பேண்ட் போட்டு. தூக்கி எறியக்கூட இல்லை.

"எப்ப இருந்து?"

"நீ படம் அனுப்பினதுக்கு மறுநாள்."

"நுவன், நான் பாத்தது குழாய்ல."

"குழாய்ல இருந்தது யார் ரத்தம்? காம்சிங் மாமாவோடதா?"

அவளே தொடர்ந்தாள். சத்தமாகக்கூட இல்லை. "அந்த மாத்திரை போட்டா முட்டி வலிக்குதுக்கா. குமட்டுது. காலேஜ்ல எல்லாரும் மாடி ஏறுறப்ப நான் கீழயே உக்காந்து போன் பாக்குற மாதிரி நடிக்கணும். இலை குடிச்சேன், ஒண்ணும் வலிக்கல. உன் படத்தைப் பாத்தன்னைக்குத்தான் மொத மொதலா எனக்குள்ளயும் ஒழுங்கான ஒண்ணு இருக்குன்னு தோணுச்சு."

கைபேசியைத் திருப்பிக் காட்டினாள். முகப்புப் படமே என் இரண்டு குழாய்கள்தான்.

அம்மா கரண்டியோடு வந்து நின்றாள். கூடையைப் பார்த்தாள், எங்களைப் பார்த்தாள். "அப்ப தெளிவா போச்சுன்னியே, அது?" அவளுக்குத் தானாகவே புரிந்தது. திரும்பிப் போய் அடுப்பை அணைத்தாள். மத்தியானம் பன்னிரண்டு மணிக்கு, கடையில் ஆள் இருக்கும்போது.

மாத்திரையை மறுபடி போடு என்றதற்கு நுவன் கேட்டது: "அப்ப உன் படம் பொய்யா?"

பொய் இல்லை. அதுதான் சிக்கல்.

ஆகஸ்ட் 20, செவ்வாய்

நாள் முழுக்க அந்த ஒரே கேள்வி. என் குழாயில் உடையாதது அவள் உடம்பில் ஏன் —

கழுவினேன். உப்பு நீர் விட்டு, சுழற்றி, மேல்நீரைக் கொட்டி. மூன்று முறை. அந்த மேல்நீரில்தானே அவளுடைய இரும்பு இருக்கிறது. இருபது வருஷமாக அவளுக்குள் சேர்ந்ததைத் தொட்டியில் ஊற்றிவிட்டு, மிச்சமிருந்த சுத்தமான அணுக்களிடம் இலை நல்லதா என்று கேட்டிருக்கிறேன். நல்லதுதான் என்றன.

நுவனை யாராலும் கழுவ முடியாது.

ஆசானிடம் சொன்னேன். "எல்லாரும் கழுவித்தான் செய்றாங்க. உன் முறையில தப்பே இல்ல" என்றார்.

"தெரியும் ஆசான். கழுவாம ஒரு தடவை செய்யணும்."

"மாநாட்டுக்கு ஒன்பது நாள்தான் இருக்கு, பொண்ணே."

"அதனாலதான் கேக்குறேன்."

சுழற்றும் கருவி இருக்கும் அறையின் சாவியை மேசையில் தள்ளினார்.

ஆகஸ்ட் 23, வெள்ளி

கழுவாத ரத்தம். குறைவான சாறு: வித்தியாசம் இல்லை. அதிகச் சாறு, அம்மா கொடுக்கும் கோப்பையை மனதில் வைத்து: சாறு சேர்த்த குழாய்தான் அதிகம் சிவந்தது. சும்மா விட்டதைவிட அதிகம். பக்கத்தில் இரும்பு இருந்தால், காப்பாற்ற வந்ததே கட்சி மாறிவிடுகிறது. பாடப் புத்தகத்தில் ஒரு பத்தியாக இருக்கிறது. அடிக்கோடு போட்டிருக்கிறேன், இரண்டாம் ஆண்டில், பச்சை மையில்.

படம் எடுத்தேன். அனுப்பவில்லை.

ஆகஸ்ட் 25, ஞாயிறு

நுவனை ஆய்வகத்துக்கு வரச் சொன்னேன். படமாக இல்லாமல் கண்ணால் பார்க்கட்டும் என்று. அவள் ரத்தத்தில் மிச்சமிருந்ததை அவள் முன்னாலேயே, ஒரு பாதியைக் கழுவி, ஒரு பாதியைக் கழுவாமல். நான்கு மணி நேரம் வெந்நீர்த் தொட்டிக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தாள். வறுத்த வாழைப்பழம் கொண்டுவந்திருந்தாள், உள்ளே சாப்பிடக் கூடாது என்றதும் வாசலில் நின்று தின்றாள்.

குழாய்களை எடுத்து வைத்தேன். இரண்டிலும் இலைச் சாறு இருந்தும், கழுவியது தெளிந்திருந்தது, கழுவாதது சிவந்திருந்தது.

"இதுவும் குழாய்தானேக்கா?"

"ஆமா."

"நாளைக்கு இதையும் மாத்திச் சொல்லுவியா?"

"சொன்னாலும் சொல்லுவேன். எனக்கு உன் உடம்பைப் பத்தித் தெரியாது, நுவன். தெரிஞ்ச மாதிரி ஒரு படம் அனுப்பிட்டேன்."

அழுகை வரும் என்று நினைத்தேன் — எனக்கு. அவள் கழுவிய குழாயை விரலால் சுண்டினாள். "இவ ரொம்ப அழகா இருக்கா. என்ன பண்றது, நான் அவ இல்லையே."

மாத்திரையைப் பற்றி மட்டும் சொல்லவில்லை. கேட்க எனக்கு வாய் வரவில்லை. பேருந்து ஏற்றிவிட்டேன்.

ஆகஸ்ட் 29, வியாழன்

பாங்காக். சுவரொட்டியில் மூன்றாவதாகக் கழுவாத ரத்தத்தின் படத்தைச் சேர்த்து, தலைப்பில் "பாதுகாக்கிறது" என்ற சொல்லை எடுத்துவிட்டோம். ஒரே ஒருவர்தான் நின்று படித்தார். "கடைசிப் படம் மத்ததைக் கெடுக்குதே" என்றார். ஆமாம் என்றேன்.

செப்டம்பர் 1

அம்மா சுவரிலிருந்து சட்டத்தைக் கழற்றிவிட்டாளாம். அந்த இடத்தில் மட்டும் சுவர் வெளுத்து இருக்கிறது என்று காம்சிங் மாமா கேலி செய்கிறாராம். நுவன் மாத்திரை போடுகிறாளா என்று கேட்டேன். "கதவைச் சாத்திக்கிறா. எனக்கு என்னடி தெரியும்" என்றாள். இனிமேல் எதையும் பார்த்து எதையும் முடிவு செய்வதில்லை என்று இருக்கிறாள். அதுவும் என்னால்தான்.

செப்டம்பர் 7, சனி

காலையில் குழுவில் ஒரு படம். நுவன் அனுப்பியது. வெள்ளைத் தாளின் முன்னால் இரண்டு கண்ணாடிக் குவளைகள், நான் வைத்தது போலவே, அதே இடைவெளியில். இடது பக்கம் தண்ணீர். வலது பக்கம், செம்பருத்தி டீ மாதிரி ஏதோ.

அடியில் எழுதியிருந்தாள்: "இடது பக்கம் சும்மா. வலது பக்கம் இன்னைக்குக் காலையில நான். ஒன்பது நாளா இதே கலர். அம்மா, அந்தக் குவளையை இனிமே கடைக்கு எடுத்துட்டுப் போகாத."

அம்மா முயல் பொம்மையை அனுப்பவில்லை. "எந்தக் குவளைடி" என்று கேட்டிருக்கிறாள், நான்கு முறை.