சமையலறை விளக்கின் சுவிட்ச்

மார்ச் 3, செவ்வாய்
முதியோர் எழுத்து வகுப்பில் வாத்தியார் ஓய்வுபெற்ற தபால்காரர். "தினமும் ஒரு வரியாவது எழுதிப் பழகுங்க" என்றார். எழுபத்து நான்கு வயதில் வீட்டுப்பாடம்! இதோ எழுதிவிட்டேன். கை வலிக்கிறது.

மார்ச் 4
எனக்குப் பிடித்த எழுத்து ஃ. அப்படியே மூன்று துளை பிளக் பாயிண்ட். மேலே எர்த், கீழே இரண்டு. ஐம்பது வருடம் வீடு வீடாகச் சுவரில் மாட்டியிருக்கிறேன். அது ஓர் எழுத்து என்று ஒருவரும் சொல்லவில்லையே!

மார்ச் 6
திங்கட்கிழமை இவளுக்கு முழங்காலில் ஆபரேஷன். இவள் என்றால் என் வீட்டுக்காரி. பத்து நாள் ஆஸ்பத்திரி. "பயமா இருக்கா?" என்று கேட்டேன்.
"எனக்கென்ன பயம்? நான் இல்லாத நேரம் பார்த்து நீங்க ஏணியில ஏறுவீங்களேன்னுதான் பயம்."
போன மாதம் பல்பு மாற்றப் போய் முக்காலியிலிருந்து விழுந்தேன். அன்றிலிருந்து எனக்கு ஏணி கூடாது. மகள் என் கருவிப்பையையே ஒளித்துவிட்டாள். டெஸ்டர் இல்லாத எலக்ட்ரீஷியன் பல் பிடுங்கிய பாம்பு.

மார்ச் 9
நல்லபடியாக முடிந்தது. கண் திறந்ததும் இவள் கேட்ட முதல் கேள்வி: "கேஸை மூடிட்டு வந்தீங்களா?"
மூடவில்லை. ஆனால் மூடினேன் என்றேன். பிறகு வீட்டுக்கு ஓடினேன்.

மார்ச் 10
இன்று நீளமாக எழுதப் போகிறேன். எழுதினால்தான் மனசு ஆறும்.
எங்கள் வீட்டில் சமையலறை விளக்கின் சுவிட்ச் படுக்கையறையில் இருக்கிறது. படுக்கையறை விளக்கின் சுவிட்ச் சமையலறையில் இருக்கிறது. இந்த அழகான வேலையைச் செய்தவன் நான்தான்.
அப்போது எனக்குப் படிக்கத் தெரியாததால் ஒயர்களில் முடிச்சுப் போட்டு அடையாளம் வைப்பேன். கூடத்துக்கு ஒன்று, சமையலறைக்கு இரண்டு, படுக்கையறைக்கு மூன்று. இந்த வீட்டில் மூன்றாவது முடிச்சைப் போடப் போன நேரம், "வலி வந்துடுச்சு, ஓடி வாங்க!" என்று ஆள் வந்தது. போட்டது போட்டபடி ஓடினேன். மகள் பிறந்தாள். மறுநாள் வந்து பார்த்தால் இரண்டு ஒயரிலும் இரண்டு முடிச்சு. மகள் பிறந்த குஷியில் குத்துமதிப்பாக மாட்டினேன். மாறிவிட்டது.
"நாளைக்கு மாத்திடறேன்" என்றேன். அந்த நாளை வராமலே நாற்பத்தோரு வருடம் போய்விட்டது.
தினமும் காலை ஐந்தே முக்காலுக்கு இவள் இருட்டில் போய் நின்று சமையலறை சுவிட்சைத் தட்டுவாள். என் முகத்தில் வெளிச்சம் அடிக்கும். "ஏங்க! எனக்கு லைட்டைப் போடுங்க!" படுத்தபடியே கை நீட்டிப் போடுவேன். "ஊருக்கெல்லாம் வெளிச்சம் போட்ட மகராசன், சொந்த வீட்டுல என்னைத் தடவ விட்டாரு!" அதோடு எனக்குப் பொழுது விடியும்.
புது முழங்காலோடு வந்து இருட்டில் நிற்கக் கூடாது. இவள் வருவதற்குள் மாற்றியே தீர வேண்டும். ஆனால் கருவிப்பை எங்கே?

மார்ச் 13
கண்டுபிடித்தேன்! மகள் தையல்காரி. துணி வைக்கும் பெட்டிகளில் எல்லாம் எழுதி ஒட்டியிருப்பாள். மூன்றாவது பெட்டியில், அ-ப்-பா-வி-ன் க-ரு-வி-க-ள். சொ-ல்-ல-க் கூ-டா-து.
படித்து முடிக்க ஐந்து நிமிடம் ஆனது. இத்தனை காலம் ஒன்றை எழுதி வைத்தாலே எனக்குத் தெரியாமல் ஒளித்த மாதிரிதான். அப்பா இப்போது படிப்பான் என்பதை மறந்தே போனாள்! வாத்தியாரிடம் சொன்னேன். விழுந்து விழுந்து சிரித்தார்.

மார்ச் 15, ஞாயிறு
மெயினை அணைத்துவிட்டு ஏணியில் ஏறினேன். ஒயர்கள் சேரும் பெட்டி நடைக் கதவுக்கு மேலே இருக்கிறது. மூடியைக் கழற்றினேன். அதே இரண்டு முடிச்சு, தூசி படிந்து. அப்போதுதான் மகள் உள்ளே வந்தாள். தொலைந்தேன் என்று நினைத்தேன்.
அவள் ஓடிவந்து ஏணியைப் பிடித்தாள். "இறங்கினப்புறம் திட்டுறேன். இப்ப வேலையைப் பாருங்க."
ஸ்க்ரூ மூன்று தடவை விழுந்தது. மூன்று தடவையும் எடுத்துக் கொடுத்தாள்.
"கை ஏன்ப்பா இப்படி நடுங்குது?"
"நீ ஏணியை ஆட்டுற."
அவள் ஆட்டவில்லை. இரண்டு பேருக்கும் தெரியும்.
வேலை முடிந்தது. இறங்கியதும் திட்ட ஆரம்பித்தாள். "எல்லாம் உன்னால வந்த தப்பு. ஒரு நாள் பொறுத்துப் பிறந்திருக்கலாம்ல?" என்றேன். சிரித்துவிட்டாள். திட்டு அதோடு கெட்டது.
பிறகு இரண்டு காகிதத்தில் பெரிதாக எழுதி, சமையலறை சுவிட்சில் 'சமையலறை', படுக்கையறை சுவிட்சில் 'படுக்கையறை' என்று ஒட்டினேன். என் தொழிலில் நான் எழுதிய முதல் எழுத்து.

மார்ச் 19
வந்துவிட்டாள்! ஊன்றுகோலோடு சமையலறைக்குப் போனவள் காகிதத்தைப் பார்த்து நின்றாள்.
"யாரு எழுதினது?"
"நான்தான்."
விரலால் தடவிப் பார்த்தாள். "இந்த 'மை'ங்கிற எழுத்து கொஞ்சம் கோணல்" என்றாள். முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

மார்ச் 20
ஆறரை வரை தூங்கிவிட்டேன். யாரும் எழுப்பவில்லை.

மார்ச் 21
ஐந்தே முக்காலுக்கே விழித்து, கண்ணை மூடியபடி படுத்திருந்தேன். ஊன்றுகோல் சத்தம் கட்டிலருகே வந்து நின்று, பிறகு சமையலறைக்குப் போனது. கண்ணைத் திறந்தால் கதவிடுக்கில் வெளிச்சம். பாத்திரச் சத்தம். குரல் மட்டும் இல்லை. வேலை சரியாகத்தானே இருக்கிறது, பிறகு ஏன் என்னவோ போலிருக்கிறது?

மார்ச் 22
"யாரைக் கேட்டு மாத்தினீங்க?" என்றாள் காலையில்.
"நல்லா இருக்கே நியாயம்! நாப்பத்தோரு வருஷமா நீதானே கத்துன?"
"கத்துவேன். கத்துனா லைட் வரும். வந்தா ஆளு இருக்காருன்னு அர்த்தம். இப்ப இந்தக் காலை வெச்சுக்கிட்டு வந்து, மூச்சு வருதான்னு மூக்குகிட்ட விரல் வெச்சுப் பார்க்க வேண்டியிருக்கு."
"பார்த்தியா?"
"மூணு நாளும்."
இன்று இதற்கு மேல் எழுத வரவில்லை. நாளை எழுதுகிறேன்.

மார்ச் 24
மகள் ஏணியில். இந்தத் தடவை பிடித்துக்கொண்டது நான். "உங்க ரெண்டு பேருக்கும் பைத்தியம் முத்திடுச்சு" என்று சொல்லிக்கொண்டே பழையபடி மாற்றி மாட்டினாள்.
"இந்த மூணாவது முடிச்சைப் போட்டுடட்டுமாப்பா?"
"வேண்டாம்."
இருட்டில் தடுக்கி விழாமல் இருக்க, சமையலறை ஃ-இல் ஒரு குட்டி விளக்கைச் செருகி வைத்தேன். இப்போது சுவிட்சில் எழுத்து ஒன்று சொல்கிறது, விளக்கு ஒன்று செய்கிறது. காகிதத்தைக் கிழிக்கப் போனேன்.
"கையை எடுங்க" என்றாள் இவள்.

மார்ச் 25
காலை ஐந்தே முக்கால். முகத்தில் வெளிச்சம்.
வேண்டுமென்றே கொஞ்ச நேரம் பேசாமல் கிடந்தேன். "ஏங்க!" என்றாள். "ஏங்க!!" என்றாள்.
கை நீட்டினேன்.