ஓலை கட்டாத பின்வழி

அன்பு மகள் எர்மெலிண்டாவுக்கு,

நானும் அம்மாவும் உன் தம்பியும் இங்கே சுகம், அம்மாவுக்கு இருமல் விட்டுவிட்டது, நீயும் மக்காசர் விடுதியில் வேளைக்குச் சாப்பிட்டு உடம்பைப் பார்த்துக்கொள்கிறாய் என்று நம்புகிறேன். டவர் நான்கு நாளாகப் பழுது, போன் செத்துக் கிடக்கிறது, அதனால் கப்பலேறும் உன் சித்தி கையில் இதைக் கொடுக்கிறேன். உன் விருந்தாளிகள் ஊருக்குத் திரும்பியதும், உங்கள் அப்பாவை ஊர்க்கூட்டத்துக்குக் கூப்பிட்டிருக்கிறார்கள் என்று உனக்குச் சொல்லியிருப்பார்கள், நீயும் தூங்கியிருக்க மாட்டாய். அதனால் முதலில் முடிவைச் சொல்கிறேன்: தப்பித்தோம். உன் பட்டியலில் எட்டு இடம் நிலைத்தது, ஒன்றுதான் போயிற்று. இனி நடந்ததைக் கேள்.

கெய் பெசார் தீவில் யாரும் போகாத ஒன்பது இடங்கள் என்று நீ போட்ட இணையப் பக்கத்தைப் பார்த்து சுராபாயாவிலிருந்து ஆறு பேர் வந்தார்கள், நல்ல மனிதர்கள். முதல் நாள் மலைக்குப் பின்னால் உள்ள அருவி. நாற்பது நிமிட நடை என்று எழுதியிருக்கிறாய், நான் கடிகாரத்தைப் பார்த்து நடந்தேன், ஒரு மணி பதினெட்டு நிமிடம், அதுவும் மழை இல்லாதபோது. திருத்து. குகைக்குள் இருக்கும் நன்னீர்க் குளத்தில் ஏணியின் இரண்டாம் படி இற்றுப்போயிருந்தது, மாற்றிவிட்டேன். வௌவால் நாற்றத்தைப் பற்றி நீ ஒரு வரி எழுதியிருக்கலாம், ஓர் அம்மாள் வாந்தியெடுத்துவிட்டார். மற்றபடி எல்லாருக்கும் மகிழ்ச்சி, இப்படி ஓர் இடம் இருப்பதே தெரியாதே என்று சொல்லிச் சொல்லியே அம்மா சுட்ட மரவள்ளி அடையை ஒன்று விடாமல் தீர்த்தார்கள்.

மூன்றாம் நாள்தான் வினை. முனைக்குப் பின்னால் இருக்கும் வெள்ளை மணல் குடாவுக்குப் படகில் போனால், வாயிலில் இரண்டு கழி நட்டு இளந்தென்னை ஓலை கட்டியிருந்தது. லோலாச் சங்கு பெருகட்டும் என்று முந்தின ஞாயிறு பூசை முடிந்து, ஓலையை அவிழ்க்கும்வரை யாரும் இறங்கக்கூடாது என்று கடலை மூடியிருக்கிறார்கள். எனக்கு அன்று மின்நிலையத்தில் வேலை, பூசைக்குப் போகவில்லை, யாரையும் கேட்கவும் இல்லை. வந்தவர்கள் முகம் விழுந்துவிட்டது. நீ வாக்குக் கொடுத்த இடம், எனக்கோ பொறுமை கிடையாது என்று உனக்கே தெரியும். படகைத் திருப்பிக் கட்டிவிட்டுத் தென்னந்தோப்பு வழியாக நடத்திக் கூட்டிப்போனேன். அந்தப் பக்கம் ஓலை இல்லை, ஓலை இல்லாத வழி மூடாத வழி, நீந்தினால் கடலில் என்ன குறையப்போகிறது என்று கணக்குப் போட்டேன். வீட்டுக்கு வந்து பார்த்தால் ஒருவர் உள்ளங்கை அளவு லோலா ஒன்றை நினைவுப் பொருளாக ஈரத்துணியில் சுற்றி எடுத்து வந்திருக்கிறார், உயிரோடு. திட்ட வாயெடுத்தேன். ஓலை கட்டினால் என்ன அர்த்தம் என்று அவருக்கு நான் சொல்லவே இல்லை என்பது அப்போதுதான் உறைத்தது.

சத்தமில்லாமல் கடலில் போட்டுவிடவா, நான் ஓலை இல்லாத பக்கமாகத்தானே போனேன் என்று அம்மாவிடம் கேட்டேன். அவள் பாத்திரம் தேய்த்துக்கொண்டே, உங்க ஜெனரேட்டர்ல தொடாதேன்னு ஒரு பக்கந்தான் எழுதியிருக்கு, மறுபக்கமாப் போய்க் கைய வைப்பீங்களோ என்றாள். வாளியில் கடல்நீர் பிடித்துச் சங்கை அதில் விட்டு, நம் ஊர்க் கடல் காவலர் கன்சியானுஸ் பெரியப்பா வீட்டுக்குத் தூக்கிக்கொண்டு போனேன். கூடப்பிறந்த தம்பி என்று விடுகிற ஆளா அவர், ஏண்டா, உன் மோட்டார்கூடச் சூடானா தானா நின்னுடுது, உனக்கு நிக்கத் தெரியாதா என்று தெருவே கேட்கத் திட்டினார். மறுநாள் காலையே கூட்டம்.

ஐந்து ஊர்ப் பெரியவர்களும் வந்துவிட்டார்கள். வெளியாள இனி இந்தக் கரைக்கே விடக்கூடாது, அந்தப் பொண்ணப் பட்டியலையே எடுக்கச் சொல்லு என்று இருவர் எழுந்து நின்றார்கள். உன் இரண்டு வருட உழைப்பு, ஈஸ்டருக்கு வரவிருக்கும் பன்னிரண்டு பேர், எல்லாம் என் ஒரு மதியத்து அவசரத்தால் போகப்போகிறதே என்று நானும் எழுந்தேன். தப்பு என்னோடது, அவளுக்கு ஒண்ணும் தெரியாது என்று மட்டும் சொன்னேன். அப்போது தெற்கு ஊர்ப் பெரியவர், அப்படி என்னதான் எழுதியிருக்கா, படி என்றார். வந்தவர்கள் அச்செடுத்துக் கொண்டுவந்திருந்த தாளைப் பார்த்துப் படித்தேன். முடித்ததுதான் தாமதம், எங்க ஊர்ப் பாறைக்குளம் எங்கடா, உன் பொண்ணு கண்ணுக்கு நாங்க மட்டும் தெரியலையா என்று என்மேல் பாய்ந்தார். அதெல்லாம் குளமா, பன்னி படுக்கிற குழி, எங்க பக்கத்துப் பாறை வளைவப் போட்டிருக்கணும் என்றார் இன்னொருவர். கால் மணி நேரம் அவர்களுக்குள்ளேயே சண்டை. பட்டியலை எடுக்கச் சொன்னவரே தன் ஊர்ப் பெயரை எழுத்துக்கூட்டிச் சொன்னார், தப்பில்லாமல் போடவேண்டுமாம்.

கடைசியில் பெரியப்பா தீர்ப்புச் சொன்னார். ஓலை அவிழ்க்கும்வரை குடா பட்டியலில் இருக்கக்கூடாது. பின்வழியில் நானே ஓலை கட்டவேண்டும், எனக்கு வேலையில்லாத நாளெல்லாம் அங்கே காவலும் நான்தான். மற்ற எட்டும் இருக்கட்டும். சங்கை அவர் பார்க்க முங்கிப் பாறையிடுக்கில் வைத்தேன், கொஞ்ச நேரத்தில் நகர்ந்தது.

ஆகவே குடாவை இன்றைக்கே எடு. ஓலையைக் கண்டால் எந்தப் பக்கமிருந்தும் திரும்பிவிடவேண்டும் என்று பக்கத்தின் உச்சியிலேயே எழுது, பொடி எழுத்தில் அல்ல. புது இடம் எதைச் சேர்ப்பதானாலும் முதலில் அந்த ஊர்க் கடல் காவலரைக் கேள், என்னைக் கேட்காதே.

கடவுள் உனக்குத் துணையிருக்கட்டும், தேர்வு நல்லபடி முடியட்டும், அம்மா முத்தம் சொல்லச் சொன்னாள். சித்தி கொண்டுவரும் கருவாட்டை அறையில் இருக்கும் மற்றப் பெண்களுக்கும் கொடு. ஈஸ்டருக்கு அந்தப் பன்னிரண்டு பேரையும் வரச் சொல், நல்ல செருப்போடு.

உன் அப்பா,
பிலிபுஸ்