மூன்றாம் பந்தியில் ஒரு திருத்தம்

1994 பெப்ரவரி 8, செவ்வாய்

1. நான், தம்பிராசா குலவீரசிங்கம், வயது ஐம்பத்தொன்று. யாழ்ப்பாணத்தில் பதினாறு ஆண்டுகள் சட்டத்தரணி. தற்போது, புலம்பெயர்ந்து வந்த ஸ்காபரோவில், ஒரு சட்ட அலுவலகத்தில் பத்திரங்கள் தயாரிப்பவன்.

2. இங்கு எழுதுவது என் அறிவுக்கு எட்டியவரை உண்மை.

இன்று ஊர்க்காரர் அமிர்தநாதர் அலுவலகத்துக்கு வந்தார். இங்கே பக்கத்தில் மல்வேர்னில் இருக்கும் அவருடைய தம்பி, மனைவி மரியம்மாவை அடித்திருக்கிறார். பக்கத்து வீட்டார் பொலிஸை அழைத்துவிட்டார்கள். தம்பிக்கு வீட்டுப் பக்கம் போகத் தடை. அடுத்த மாதம் வழக்கு.

"அண்ணை, மரியம்மா பனியில வழுக்கி விழுந்தவ எண்டு ஒரு சத்தியக் கடதாசி எழுதித் தாங்கோ. அவ கையெழுத்து வைப்பா."

"எங்க விழுந்தவ?"

"குசினிக்குள்ள, அடுப்புக்குப் பக்கத்தில."

"குசினிக்குள்ள பனியோ?"

"அப்ப நீங்களே ஒரு நல்ல இடமாப் பாத்துப் போடுங்கோவன்."

மரியம்மாவை நேரில் கேளாமல் எழுத இயலாது என்றேன். யாழ்ப்பாணத்தில் கேளாமலே எழுதியிருக்கிறேன்.

பெப்ரவரி 9

விடயத்தைச் சந்திரவதனாவிடம் சொன்னேன். என் மனைவி சட்டியைத் தேய்த்துக்கொண்டே இருந்தாள்.

பெப்ரவரி 11, வெள்ளி

மரியம்மா வந்தார். கண்ணின் கீழே அடிபட்ட கண்டல் மஞ்சளாகி வருகிறது. அமிர்தநாதரை வெளியே இருத்தினேன்.

"பதினொரு வருசமா அடிக்கிறார், ஐயா. அவருக்குக் கோவம் வந்தா அப்பிடித்தான் எண்டு விட்டிடுவன். அண்டைக்கு வந்த பொலிஸ்காரி, உங்களுக்கு நடந்தது குற்றம் எண்டு ஒரு தமிழ் ஆளை வைச்சுச் சொன்னவ. அதுக்குப் பிறகுதான் நோகுது. பழைய அடியெல்லாம் நோகுது."

பேனையைக் கீழே வைத்தேன். சட்டம் குற்றத்தைத் தண்டிக்கும் என்று படித்தவன் நான். புத்தகத்தில் உள்ள சில வரிகள், பதினொரு ஆண்டுகள் பின்னோக்கிச் சென்று ஓர் உடம்பில் வலியை எழுப்பும் என்று எவரும் எனக்குக் கற்பிக்கவில்லை. எத்தனை பெரிய காரியம் இது. இத்தனை காலமும் எதைக் கையில் வைத்திருந்தேன்?

"கையெழுத்து வைக்கோணுமோ, ஐயா?"

"பொய்ச் சத்தியம், பிள்ளை. வேண்டாம்."

அமிர்தநாதர் போகும்போது சொன்னார்: "அண்ணை இப்ப முழு வெள்ளைக்காரன்."

பெப்ரவரி 13

நானும் அடிச்சனான்தானே. அதுக்கு அண்டைக்கு என்ன பேர் வைச்சனான்? — பெயரே வைக்கவில்லை.

பெப்ரவரி 20, ஞாயிறு

1. நான் மேற்கூறிய குலவீரசிங்கம்.

2. சந்திரவதனா என் மனைவி.

3. 1979 ஆவணியில், எங்கள் வீட்டில், அவளை ஒருமுறை அறைந்தேன்.

4. அதைக் குற்றமென அன்று கருதவில்லை. இன்று கருதுகிறேன்.

வாசிக்கக் கொடுத்தேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ஆறுதலாக, ஒவ்வொரு வரியாக வாசித்தாள்.

"மூண்டாம் பந்தி பிழை. ரெண்டு தரம். மற்றது எழுபத்தாறு மாசி. சுபாங்கி வயித்தில."

எனக்கு நினைவில்லை. அவளுக்கு மாதமே தெரிந்திருக்கிறது.

'ஒருமுறை' என்பதை வெட்டி, அவள் சொன்னபடி எழுதினேன். திருத்தத்தின் அருகே முறைப்படி இருவரும் முதலெழுத்து இட்டோம். முதற் சாட்சியாகச் சந்திரவதனா ஒப்பமிட்டாள்; இரண்டாம் சாட்சிக்கு மகளை அவளே கூப்பிட்டாள். சுபாங்கி இரண்டு தரம் வாசித்தாள். என்னிடமிருந்து பேனையை வாங்கினாள்.

ஒப்பம்: த. குலவீரசிங்கம்

சாட்சிகள்:
கு. சந்திரவதனா
கு. சுபாங்கி