பாறைக் கிழவிக்குக் குரல் கொடுத்தவளுக்கு

இன்று காலை சம்பலுக்குத் தேங்காய் உடைக்கக் கத்தியை ஓங்கினேன். மகள் ஓடிவந்து கையைப் பிடித்துக்கொண்டாள்.

"முகத்திலை அடிக்காதேங்கோ அப்பா. அதுக்கு நோகும்."

தேங்காயின் மூன்று கண்ணும் சேர்ந்தால் அவளுக்கு அது ஒரு முகம். எல்லாம் நீ குரல் கொடுத்த அந்தக் கார்ட்டூன் படத்தால் வந்த வினை. பசிபிக் தீவுகளின் பழங்கதையை வைத்து எடுத்த படம். ஒரு தீவில் பஞ்சம் வருகிறது. ஒரு சின்னப் பெண் தனியாகத் தோணி ஏறி, நட்சத்திரம் பார்த்துத் திசை பிடித்துக் கடல் கடக்கிறாள். அவளை நேசித்த விலாங்கு மீன் தன் தலையைப் புதைக்கச் சொல்கிறது. புதைத்த இடத்தில் முதல் தென்னை முளைக்கிறது. அதனால் வெள்ளவத்தையில் மூன்றாம் மாடியில் நான் தேங்காயின் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிப் பிடித்து, முதுகில் தட்டி உடைக்க வேண்டியிருக்கிறது. நீ இருந்தால் சிரித்திருப்பாய். பிறகு, சிரட்டைத் துண்டை ஏன் நிலத்தில் போட்டீர்கள் என்று ஏசியும் இருப்பாய்.

கொள்ளுப்பிட்டியில் ஒரு சாப்பாட்டுக் கடைக்கு மேலே இருந்த அந்த ஒலிப்பதிவு அறை உனக்கு ஞாபகம் இருக்கும். தொலைக்காட்சியில் போடுவதற்காகப் படத்துக்குத் தமிழில் குரல் கொடுக்க ஆள் தேடுகிறார்கள் என்று கேள்விப்பட்டு, கந்தோரில் அரைநாள் லீவு போட்டுவிட்டு என்னையும் இழுத்துக்கொண்டு போனாய். மகள் அப்போது உன் வயிற்றில். உனக்கு வேண்டியிருந்தது தாய் வேடம்; கடலுக்குள் இருந்து மகளுக்குத் தாலாட்டுப் பாடும் தாய். கொட்டாஞ்சேனையில் மாதா கோயில் பாடகர் குழுவில் பாடியவள் நீ, கிடைக்கும் என்றே நம்பியிருந்தாய். அவர்கள் கொடுத்ததோ பவளப்பாறையின் வாசலைக் காக்கும் பல்லில்லாத கிழவி. வருகிற தோணிகளை எல்லாம் ஏசித் திருப்பி அனுப்புவதுதான் அவளுக்கு வேலை.

"கிழவிக்கெண்டே செய்த குரலாம், கேட்டீங்களோ?" என்றாய் பஸ்ஸில். நான் சிரிப்பை அடக்கியது உனக்குத் தெரிந்துவிட்டது. வெள்ளவத்தை வரும்வரை என் முகத்தைப் பார்க்கவில்லை.

ஒலிப்பதிவு நாளில் அந்தக் கோபம் உனக்குக் கைகொடுத்தது. "மூடப் பெண்ணே, வந்த வழியே திரும்பிச் செல்" என்று எழுதிக் கொடுத்திருந்தார்கள். நீ அதை வாசித்துப் பார்த்தாய், உதட்டைச் சுழித்தாய், தாளை மடித்து மடியில் வைத்துவிட்டு உன் இஷ்டத்துக்கு ஏசத் தொடங்கினாய். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இருந்தவர்கள் சிரித்த சிரிப்பில் யாரும் உன்னை நிறுத்தவில்லை.

மகளுக்கு இரண்டு வயது நிறைவதற்குள் நீ போய்விட்டாய். ஆஸ்பத்திரிக்கு அலைந்த நாட்களில் உன் போன் பஸ்ஸில் களவு போனது. நீ அவளோடு கதைத்தது, பாடியது எல்லாம் அதற்குள்தான் இருந்தன. என்னிடம் படங்கள் இருக்கின்றன, சத்தம் இல்லை.

போன மாதம் உன் தங்கை அந்தப் படத்தை எங்கேயோ தேடிப் பிடித்துப் பென்டிரைவில் கொண்டுவந்தாள். "இதிலை உன்ரை அம்மா கதைச்சிருக்கிறா" என்று மகளிடம் சொன்னாள். எந்த வேடம் என்று சொல்லவில்லை, பிள்ளை கேட்கவும் இல்லை. கடலுக்குள்ளிருந்து தாய் பாடத் தொடங்கியதும், "இதுதான் அம்மா" என்று தொலைக்காட்சியில் கன்னத்தை வைத்துக்கொண்டாள்.

நான் வாய் திறக்கவில்லை. நீ கேட்டுக் கிடைக்காத வேடத்தை மகள் உனக்குத் தந்துவிட்டாள், அதைப் பிடுங்க நான் யார் என்று நினைத்தேன். பயமும் இருந்தது. ஏழு வயதுப் பிள்ளையிடமிருந்து தாலாட்டுப் பாடும் அம்மாவை எடுத்துவிட்டுப் பல்லில்லாத கிழவியையா கொடுப்பது? ஆனால் அந்தப் பாட்டை முணுமுணுத்தபடி அவள் நித்திரையாகும்போதெல்லாம் எனக்குப் பொறுக்கவில்லை. நல்ல குரல்தான், ஆனால் அது நீ இல்லையே. அதே படத்துக்குள் நீ இருந்தாய். பிள்ளை உன்னைத் திரும்பியும் பார்க்கவில்லை.

உன் ஏச்சு எனக்கு மனப்பாடம். ஈரத் துவாயைக் கட்டிலில் எறியும்போதும், முற்றல் முருங்கைக்காயை வாங்கிக்கொண்டு படியேறும்போதும் காதில் கேட்கும். எனக்குப் போதுமான துணை அது. அவளுக்கு அதுவும் இல்லை.

கிழவி வரும் இடத்தில் மகள் எப்போதும் படத்தை வேகமாக ஓட விட்டுத் தாண்டிவிடுவாள். இன்று மத்தியானம் ரிமோட் என் கையில் இருந்தது.

"இந்தக் கிழவியை ஓட விடுங்கோ அப்பா. எனக்கு இவவைப் பிடிக்காது" என்று காதைப் பொத்திக்கொண்டாள்.

நான் படத்தை நிறுத்தினேன். "பிள்ளை, அதுதான் அம்மா" என்றேன்.

அவள் என்னைப் பார்த்தாள். திரையில் வாயைத் திறந்தபடி நின்ற கிழவியைப் பார்த்தாள்.

"அப்ப பாட்டுப் படிக்கிறவ ஆர்?"

"அது வேறை ஒரு அன்ரி."

கீழே கடற்கரை ரயில் போய் முடியும்வரை அவள் கிழவியின் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள். எல்லாவற்றையும் கெடுத்துவிட்டேன் என்றுதான் நினைத்தேன்.

"அம்மா ஏசுறவவோ?" என்று மெல்லக் கேட்டாள்.

"ஓம். என்னை ஏசுவா, பஸ்காரனை ஏசுவா. ஏசிப்போட்டு உடனை சிரிப்பா."

"என்னையும் ஏசினவவோ?"

"ஒருநாள் நீ குளிக்கிற சவர்க்காரத்தைக் கடிச்சனீ. அண்டைக்கு அவ ஏசினது முழு பிளாட்டுக்கும் கேட்டது."

அவள் யோசித்தாள். "எங்கடை வகுப்பிலை எல்லாரையும் அம்மா ஏசுறவ. என்னைத்தான் ஒருத்தரும் ஏசுறேல்லை."

உண்மைதான். தாயில்லாப் பிள்ளை என்று நானும், உன் தங்கையும், டியூஷன் டீச்சரும்கூடத் தடவிக் கொடுத்துத்தான் பேசுகிறோம்.

மகள் எழுந்துபோய்த் திரைக்கு முன்னால் காலை மடக்கிச் சப்பாணி கட்டி உட்கார்ந்தாள். "இப்ப போடுங்கோ" என்றாள். நான் போட்டேன்.

"எடியே, ஆரைக் கேட்டு இஞ்சை வந்தனீ? தலையைப் பார், காகக் கூடு மாதிரி! உன்ரை அம்மா உனக்கு ஒண்டும் பழக்கேல்லையே? முழுசிக்கொண்டு நிக்காமல் சொல்லு, சாப்பிட்டியோ?"

எழுதிக் கொடுத்ததைவிட நீ அதிகம் பேசியதால் திரையில் கிழவியின் வாய் முன்பே மூடிவிட்டது. மூடிய வாய்க்குப் பிறகுதான் அந்தச் "சாப்பிட்டியோ" வந்தது.

மகள் இரண்டு கையாலும் தலைமயிரை அவசரமாகத் தடவிச் சரிசெய்தாள்.

"சாப்பிட்டனான் அம்மா" என்றாள் திரையைப் பார்த்து. பிறகு என் பக்கம் திரும்பினாள்.

"இன்னொருக்கா ஏச விடுங்கோ, அப்பா."