பேர் வெட்டிய கத்தி

தென்காசி
5-6-1958

சிரஞ்சீவி மருமகன் பிச்சைமணிக்கு, மாமா வீரபாகு ஆசீர்வதித்து எழுதுவது. இங்கு நான் க்ஷேமம். உன் அத்தை முத்துவடிவு க்ஷேமமில்லை. காரணம் நீ கொடுத்தனுப்பிய கத்தி.

பஸ்ஸில் டிக்கெட் கிழித்துக்கொண்டிருந்தவன், வேலையை விட்டுவிட்டுக் கத்தி அடிக்கப் போனாய். சரி. தொழிலில் இறங்கி மூன்று மாதம் ஆகவில்லை. அதற்குள் பாண்டியன் கல்வெட்டு மாதிரி அலகு முழுக்க உன் பேரை விரல் ஆழத்துக்கு வெட்டியிருக்கிறாயே! பலாப்பழம் அறுத்தோம். கத்தியின் வாய் மடங்கியது கிடக்கட்டும். பலாப்பால் உன் பேருக்குள் புகுந்து உட்கார்ந்துகொண்டது. உன் அத்தை சாம்பல் போட்டாள், புளி போட்டாள், விளக்குமாற்றுக் குச்சியால் குடைந்தாள். மூன்றாம் நாள் ஒவ்வோர் எழுத்திலும் ஓர் ஈக்குடும்பம் பால் காய்ச்சிக் குடியேறியிருந்தது. அந்த நாற்றத்துக்குப் பயந்து ஆலங்குளம் பஸ் நம் தெருவைச் சுற்றிக்கொண்டு போகிறது. எலுமிச்சம்பழம் நறுக்கினால் கறுப்பாக வடிகிறது. எனக்குச் சோறு இறங்கவில்லை. புறவாசலில் எறிந்தோம். காக்கை வந்து மோந்துவிட்டு, என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டுப் போயிற்று.

முதலில் கத்தி அறுக்கட்டும். பிறகு பேர் வெட்டலாம்.

உன் பிரிய மாமா
வீரபாகு

*

குற்றாலம்
9-6-1958

மதிப்புக்குரிய மாமாவுக்கு அநேக நமஸ்காரம். அத்தையிடம் என் மன்னிப்பைச் சொல்லவும்.

மாமா, பேர் இல்லாவிட்டால் சந்தைக் கத்தி எது, என் கத்தி எது? சீசனுக்கு வருகிறவர்கள் பேரைப் பார்த்துவிட்டு, "நீங்களே செஞ்சதா?" என்று நின்று கேட்கிறார்கள். எட்டு வருஷம் பஸ்ஸில் இருந்தேன். என் பேர் என்ன என்று ஒருத்தர் கேட்டதில்லை. "ஏய் கண்டக்டர்" என்று கையைத் தட்டினார்கள். தங்கள் சிநேகிதர், சமையல்காரர் சிவசைலம் அண்ணாச்சிகூட நேற்று ஒரு கத்தி வாங்கிப் போனார். பேரைத் தடவிப் பார்த்துச் சிரித்தார். எப்போதுதான் பேர் போடலாம், தாங்களே சொல்லுங்கள்.

கீழ்ப்படிந்துள்ள
பிச்சைமணி

*

தென்காசி
27-6-1958

பிச்சைமணிக்கு,

உன் பேர் சுரண்டை வரைக்கும் போய்விட்டது. சந்தோஷப்படாதே.

அங்கே ஒரு கல்யாணத்துக்குச் சிவசைலம் சமைக்கப் போனார். வெள்ளிக் கிண்ணம் ஒன்றைக் காணோம் என்று அவர் சாக்கை உதறியிருக்கிறார்கள். கிண்ணம் பிறகு எச்சில் இலைக் குப்பையில் கிடைத்தது. ஆனால் சாக்கிலிருந்து விழுந்தது உன் கத்தி. நம் பக்கத்தில் செம்பிலும் சட்டியிலும் பேர் வெட்டியிருந்தால் அது உடையவன் பேர். செய்தவன் பேரை எவன் வெட்டினான், உன்னைத் தவிர?

"உம்ம பேரு சிவசைலம். கத்தியில பிச்சைமணின்னு கெடக்கு. எந்த வீட்டுல அடிச்சீரு வே?"

"வெல குடுத்து வாங்குனது அண்ணாச்சி. அது செஞ்சவன் பேரு."

"செஞ்சவன் பேரா! அப்பம் செம்புல அத அடிச்ச கன்னான் பேரா கெடக்கு? கூசாம பொய்யி சொல்லுதாரு பாரு!"

முந்நூறு பேர் பந்தியில். அந்த மனுஷன் வாழைக்காய்க் கறை படிந்த கையோடு கும்பிட்டுக்கொண்டு நின்றிருக்கிறார். அண்டா, கரண்டி எல்லாவற்றையும் பிடித்து வைத்துக்கொண்டார்கள். பேருக்குரியவன் நேரில் வந்து சொன்னால்தான் தருவார்களாம். ஆவணி முகூர்த்தத்துக்குச் சொல்லியிருந்தவர்களும் வேண்டாம் என்றுவிட்டார்கள். கண்டதும் பஸ் ஏறு. "நான் செய்தது, அவர் வாங்கினார்" என்று சொன்னால் போதும்.

வீரபாகு

*

குற்றாலம்
30-6-1958

மாமாவுக்கு நமஸ்காரம்.

சாரல் நன்றாக விழுகிறது, கூட்டம் நெரிகிறது, கடையை விட்டு நகர முடியவில்லை. மேலும் அந்தக் கல்யாணத்தில் பூசணிக்காய் வெட்டும்போது கத்தியின் பிடி கழன்றதாகக் கேள்வி. நான் போய் நின்றால், "இதைச் செய்தவன் நீதானா?" என்று கேட்பார்கள். அத்தனை பேர் முன்னால் என்ன சொல்வது மாமா? மிச்சமிருந்த கத்திகளில் பேரை அரத்தால் ராவிவிட்டேன். தங்கள் சொல்படியே ஆயிற்று. சுரண்டைக் கத்தியில் இருப்பது வேறு யாரோ ஒரு பிச்சைமணி என்று சொல்லிவிடலாமே.

பிச்சைமணி

*

தென்காசி
6-7-1958

பிச்சைமணிக்கு,

உன் கடிதத்தைப் படித்துவிட்டு வாய் கொப்பளித்தேன். ஈ மொய்த்த கத்தி எவ்வளவோ தேவலை.

முந்தாநாள் சிவசைலத்தைக் கூட்டிக்கொண்டு சுரண்டைக்குப் போனேன். கல்யாண வீட்டு வாசலில் நின்று, "நாந்தான்யா பிச்சைமணி. கத்திய அடிச்சது நான்" என்றேன்.

"ஏ பெரியவரே, இது கத்தியாவே? இத வச்சு எருமச் சாணிதான் வழிக்கணும்."

"ஆமய்யா, மோசமாத்தான் அடிச்சிட்டேன். அவரு காசு குடுத்து வாங்குனாரு."

தெருவே கூடிவிட்டது. ஒரு அம்மாள் என் காலடியில் காறித் துப்பினாள். எச்சில் செருப்பில் விழுந்தது. வெற்றிலைச் சாறு. சாமான்களைத் திருப்பிக் கொடுத்தார்கள். சிவசைலம் அண்டாவைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு எனக்கு முன்னால் நடந்தார். பஸ்ஸில் பக்கத்தில் இடமிருந்தும் தள்ளிப் போய் உட்கார்ந்தார். உன் மாமன் என்பதால் அதுவும் எனக்கு வேண்டியதுதான்.

எப்போது பேர் போடலாம் என்று கேட்டிருந்தாய். துப்புகிற இடத்தில் நீயே போய் நிற்க முடிகிற அன்றைக்குப் போடு.

சுரண்டையில் இப்போது பிச்சைமணி என்றால் வழுக்கைத் தலை, தொந்தி, அறுபது வயது. ஊரே முகம் பார்த்து வைத்திருக்கிறது. நீ அந்தப் பக்கம் போனால் வேறு ஏதாவது பேர் சொல்லிக்கொள்.

வீரபாகு